நாலரைக் கட்டை

நாலாம் கட்டைக்கும் ஐந்தாம் கட்டைக்கும் நடுவில்
மீன் ஐஸ் பெட்டிகள் அடுக்கிய கராஜ்.
சுகிர்தாவின் குரல் நிற்கும் இடமும்
அதுதானே என்றான் முஸாதிக்.
மைல்கல்லும் சுருதியும் ஒரே சொல்லில் கிடைத்த புளுகத்தில்
அன்றைக்குப் பயிற்சியே இல்லை.
நெக்டோ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

கிண்ணியாப் பாலத்துக் காற்று
அவன் கிற்றாரை வழி முழுக்க அவிழ்த்துவிடும்.
வந்ததும் கால் மணித்தியாலம் முறுக்குவான்.
அதற்குள் பாலையூற்று டெல்ரோய்
மூன்று பாட்டை முடித்திருப்பான், தனியாக.
எதையும் அவன்
கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவன்போலத்தான் அடிப்பான்.
நான் பேஸ். நாலு கம்பி,
அதில் மூன்றாவது எப்போதும் சந்தேகம்.

உப்புவெளி ஹோட்டலில் முதல் மேடை.
"தம்பி, சத்தத்தைக் குறையுங்கோ,
ஆக்கள் சாப்பிடுகினம்."
குறைத்தோம்.
கடைசியில் கடல்தான் கேட்டது.
சாம்பல்தீவுக் கலியாணத்தில் பைலா கேட்டார்கள்.
தெரியாது என்று மூன்று பேர் தலையாட்ட
டெல்ரோயின் கை
பரம்பரையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.
அன்று கிடைத்த காசுதான் அம்ப்.

டச்சுக்குடாவில் ஒரு பின்னேரம்
பாட்டு வரிசை எழுதிய தாளை
ஒரு மான் தின்றுவிட்டது.
கோட்டைப் பக்கத்து மான்,
பாண் துண்டுக்குப் பழகியது,
கூச்சமே இல்லாமல்
ஆறாம் பாட்டுவரை மென்றது.
வரிசை தெரியாமல்
ஒரே பாட்டை இரண்டு தரம் வாசித்தோம்.
இரண்டாம் தரம் கைதட்டல் கூட.

சுவரில் மூன்று மெத்தை சாத்திப் பதிந்த
நாலு பாட்டில்
இரண்டாவதில், இரண்டாம் நிமிடம் தாண்டி,
சூன் பாண் ஓட்டோ ஒன்று நுழைந்து போகும்.
அழிக்கவில்லை.
"அந்த இடத்தில வாசிக்கிறது யார்?" என்று
மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதினார்.
எங்களைப் பற்றி வந்த
முதல் நல்ல வார்த்தை அது.

பிறகு கொழும்பு.
இரவு ரயிலில் றம்மைக் கட்டிப்பிடித்தபடி,
சிக்னலுக்குச் சிக்னல் விழித்து.
அறிவிப்பாளர் சொன்னார்:
யுத்தத்தின் சாம்பலிலிருந்து எழுந்த குரல்கள்.
சுகிர்தா மைக்கைக் கிட்ட இழுத்தாள்.
"சண்டை முடியேக்க எனக்கு அஞ்சு வயசு.
இந்தப் பாட்டு
லீசிங்காரனைப் பற்றினது."
பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.
மறுநாள் பேப்பரில்
எங்கள் படத்துக்குக் கீழே இருந்தது
'வலி'.

உண்மையாகவே வந்தான் லீசிங்காரன்,
ஆவணி மாதம், இரண்டு பேரோடு.
முஸாதிக்கின் மோட்டார் சைக்கிள் போனது.
கிற்றார் பஸ்ஸில் வந்தது கொஞ்ச நாள்,
பிறகு வரவில்லை.
டெல்ரோய் தோஹாவுக்கு.
சுகிர்தா மூதூரில் புவியியல் டீச்சர்.
பருவப்பெயர்ச்சிக் காற்றைக்
கரும்பலகையில் அம்புக்குறியாக இழுக்கிறாளாம்.
சண்டை ஒன்றும் இல்லை.
யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை,
யாரும் இருக்கவும் இல்லை.

நான் சீனக்குடாவில், மா ஆலையில் இரவு வேலை.
ஒரு நாள் போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன்,
மெஷினின் ரீங்காரம்
எங்கள் சுருதியில் இருக்கிறதா என்று.
இல்லை.
கிட்டவும் இல்லை.
கண்காணி கேட்டார், என்ன சிக்னல் இல்லையா என்று.

போன கிழமை டெல்ரோயின் குரல்பதிவு:
அடுக்குக் கட்டிலின் இரும்பில்
கரண்டியால் அடிக்கிறான்,
பின்னால் யாரோ மலையாளத்தில் ஏசுகிறார்கள்.
பாட்டு எது என்று பிடிபட்டது.
இப்பவும் ஓடுகிறான்.
எந்த பஸ்ஸுக்கடா?

இன்று சுகிர்தா ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்:
கராஜ் சாவி யாரிட்ட?

என்னிடம்தான்.
பைக்குள், மாத்தூள் ஒட்டிக்கொண்டு.
இன்னும் பதில் போடவில்லை.
மூன்றாம் கம்பி
கடையில் இருக்கிறதா என்று
முதலில் கேட்க வேண்டும்.