உபதலைவர் எண்ட இடம்

பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
குருநகர் ஜெட்டியடியில் பிளேன்ரீ ஆறிப்போக
தலைவர் கேக்கிறார்:
எமிலியானை மாத்தினால் என்ன?

இழுவைமடிக்காரருக்கு அவனைக் கண்ணில காட்டேலாது.
அறுபத்துமூண்டு வாக்கு.
கணக்குச் சரிதான்;
செயலாளர் நான், ரெண்டுதரம் கூட்டிப் பாத்தனான்.

மண்டைதீவுக்கு அங்கால
இஞ்சின் நிண்ட இரவு
இவரின்ர வள்ளத்தைக் கட்டியிழுத்த கயிறு
ஆற்ற கயிறெண்டு
நான் கேக்கேல்லை.
அதுக்குப் படிவத்தில இடமில்லை.

அவனுக்கு ஆர் சொல்லுறது எண்டுதான் கேட்டன்.

"நீர்தான்" எண்டிட்டு
தொப்பியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.
பிளேன்ரீ அப்பிடியே.

உபதலைவர் எண்ட கோடு இன்னும் வெறுமை.
மிச்சமெல்லாம் நிரப்பிப்போட்டன்,
பென்சிலால.
தலைவரின்ர பேரையும்.