ஒற்றைக் கோடு

வெள்ளைத் திரவம் கூடாது என்றார் யெம்பாபு.
சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது,
மேலே மேலே எழுதிக் கறுப்பாக்கவும் கூடாது.
தவறென்று தெரிந்தால்
அதன் மேல் ஒரே ஒரு கோடு.
அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் சரியானது,
உங்கள் பெயரின் முதலெழுத்து, இன்றைய தேதி.
இன்றைய தேதி, என்று இரண்டாம் முறையும் சொன்னார்.

போபோ-டியூலாசோவில் ஏப்ரல்.
மின்சாரம் மூன்று முறை போய்
இரண்டு முறை வந்திருந்தது.
விசிறிக்கு ஆளுக்கொரு ஒப்புதல் படிவம்:
பதினொரு பக்கம், நல்ல காற்று.

முன்வரிசையில் தோஃபினி சானு.
நாங்கள் சோதிப்பது அவருடைய மருந்து,
ரத்த அழுத்தத்துக்கு ஒரு பட்டை, ஒரு வேர்.
மரத்தின் பெயர் அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் இருக்கிறது,
எனக்குத் தெரியாது.
கையைத் தூக்கிக் கேட்டார்:
"பாதிப் பேருக்கு என் கஷாயம்.
மீதிப் பேருக்கு நிறமேற்றிய தண்ணீர். சரி.
அதைக் கசக்க வைக்க எதைப் போடுவீர்கள்?
கசப்பு எதுவும் வயிற்றுக்குள் போய்ச் சும்மா இருக்காதே."
யெம்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கரும்பலகையில் அந்தக் கேள்வி மட்டும்
இரண்டு நாளும் அழியாமல் இருந்தது.

மதியம் நடிப்புப் பயிற்சி.
இளம் மருத்துவர் உசேனி ஆய்வாளர்,
தோஃபினி நோயாளி.
உசேனி நன்றாகவே சொன்னான்: நன்மை, தீங்கு,
ஊசி குத்திய இடம் நீலம் பாரிப்பது,
எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது.
மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.
தோஃபினி தன் பெருவிரலைப் பார்த்தார்.
மடக்கிக்கொண்டார்.
"மாட்டேன்."
"ஏன்?"
"காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று
நான்காம் பக்கத்தில் நீதானே வாசித்தாய்."

அறை சிரித்தது. உசேனியும்.
தன் மருந்தையே வேண்டாமென்ற மனிதர் மட்டும்
சிரிக்கவில்லை.
"முப்பது வருஷம் கொடுக்கிறேன்.
என் வாசலில் நின்று ஒருவரும்
மாட்டேன் என்றதில்லை.
சொல்லலாம் என்று
நான் சொன்னதும் இல்லை."

நான் கடைசி வரிசை. மரியேத்து, செவிலி.
பயிற்சித் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு.
கோடு போடும் கேள்விக்குச்
சரியான விடைதான் எழுதியிருந்தேன்.

கோரோதிமி, பங்கேற்பாளர் எண் முப்பத்தேழு.
இருபத்தெட்டாம் நாள் அவள் வரவில்லை.
மறுநாள் கண்காணிப்பாளர் வருவதாக இருந்தது.
வரிசையில் அந்தக் கட்டம் மட்டும்
பல் விழுந்த வாய்போல.
நூற்று முப்பத்திரண்டு, எண்பத்து நான்கு
என்று எழுதினேன்.
நூற்று முப்பது, எண்பது என்றால்
சந்தேகம் வரும் என்று
யோசித்துத்தான் எழுதினேன்.
அந்த இரண்டும் அந்த நான்கும்.
பொய்யைவிட, பொய்க்கு நான் காட்டிய அக்கறை
பிறகு பல இரவு என் பாயில் வந்து படுத்தது.

சான்றிதழ் கொடுத்தார்கள்,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள்,
செம்பருத்திச் சாறு குடித்தார்கள்.
ஆவண அறைச் சாவி என்னிடம் இருந்தது.

முப்பத்தேழு.
ஒரே ஒரு கோடு.
கை நடுங்கி அது கோணலாக வந்தது;
நேராக இருக்க வேண்டுமென்று விதி இல்லை.
அடியில் என் எண்கள் தெளிவாகத் தெரிந்தன,
கம்பிக்குப் பின்னால் நிற்கிற இருவர் மாதிரி.
பக்கத்தில் எழுதினேன்:
வரவில்லை. அளக்கவில்லை. நான் எழுதியது.
ம.தி. இன்றைய தேதி.

யெம்பாபு வாசலில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்.
கோப்பைத் திறந்து நீட்டினேன்.
நின்றபடியே படித்தார்,
கவசத்தைக் கழற்றினார்,
"உள்ளே போய் உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.
அவர் குரலில் கோபம் இருந்ததா என்று
இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

நாளைக் காலை கோரோதிமியின் தெருவுக்குப் போகிறேன்.
அன்று மாட்டேன் என்று இருந்துவிட்டாளா,
முடியாமல் கிடந்தாளா.
படிவத்தில் இரண்டுக்கும்
தனித்தனிக் கட்டம் உண்டு.