தெற்கு ஜன்னல்கள்

படிவத்தில் ஹேவர்டன் ஹவுஸ்.
ஜீப்பு ஓட்டிய ஏசுவடியானுக்கு
ஆவரத்தான் பங்களா.
கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் முடிந்து
கிராம்பு தொடங்கும் வளைவில்
வங்கிக்கு விலை சொல்லப் போனேன், அளவு நாடாவோடு.

வெயிலைத் தெற்கே தேடுகிற ஊரில்
யாரோ வரைந்த வீடு.
ஆளுயர ஜன்னல்கள் ஒன்பதும் தெற்கே.
கணப்படுப்பு நான்கு.
ஒன்றில் மட்டும் கரி,
அதுவும் சக்கக்கொட்டை சுட்டது என்கிறார் காவல்காரர்.
புகைபோக்கி முழுக்க வௌவால்.

அலமாரியில் எஸ்டேட் கணக்கு நோட்டு.
முதல் வருஷம், ஆனி:
'சாப்பாட்டு அறையில் கணுக்கால் வெள்ளம்.
பியானோ வீங்கிப்போனது.'
ஆவணி:
'மாசிலாமணி கொத்தனாருக்கு,
தெற்கே தாழ்வாரம் இறக்கிய வகையில்,
அயனித் தூண் பன்னிரண்டு, ஓடு மூவாயிரம்.
படத்தில் இல்லையே என்றார் துரை.
ஐப்பசிக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.'

குளச்சலில் வந்து இறங்கிய ஓக் படிக்கட்டு
கால் வைத்ததும் மாவாக உதிர்ந்தது.
மாடி உத்திரத்தில் விரல் நுழைகிறது.
வடக்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது.
தாழ்வாரத் தூண்களைத் தட்டினேன்,
பன்னிரண்டும் ஒரே குரல்.

விதி பதினொன்று:
மூல வரைபடத்தில் இல்லாத கட்டுமானத்துக்கு
மதிப்பு கிடையாது.

கோடு இழுக்கப் போகையில் மலை இருண்டது.
காவல்காரர், ஏசுவடியான், நான்,
எங்கிருந்தோ ஒரு நாய்,
எல்லோரும் ஓடி நின்றது அங்கேதான்.
விதி பதினொன்றை மறுபடி படித்தேன்.
தாள் நனையவில்லை.