காலியிடம்

மூன்றும் மாத்திரை அளவுதான்.
வெள்ளீய ஆக்சைடு. ஒரே டப்பாத் தூள்,
ஒரே பசை, ஒரே பீங்கான் சில்லு.

முதலாவதை எண்ணூறு டிகிரியில்
பன்னிரண்டு மணி நேரம் காற்றூதி வேகவைத்தோம்.
எக்ஸ்ரே படத்தில் அதன் சிகரங்கள்
பனைமட்டைக் கருக்கு.
கயிறு பிடித்து நட்ட நாற்றாக
அணுவுக்குப் பின் அணு.
"வைரம்டி" என்றாள் ஹமீதா,
கூத்தாநல்லூர்க்காரி, நகைக்கடை வீட்டுப் பெண்,
சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வெந்துகொண்டிருந்தபோது
மன்னார்குடி துணைமின் நிலையத்தில்
மாதாந்திரப் பராமரிப்பு.
அறிவிப்பு முந்தைய நாளே வந்து
வாட்ஸப்பில் படிக்கப்படாமல் கிடந்தது.
சூளை பொசுக்கென்று அணைய,
பதற்றத்தில் நான் கதவைத் திறந்துவிட்டேன்.
அவசரமாய்க் குளிர்ந்ததில்
ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கைகள் பல
காலியாகவே உறைந்துபோயின.
வெள்ளை மங்கி
லேசாய்ச் சாம்பல் பூத்திருந்தது.

மூன்றாவதன் தூளை
அரவை எந்திரத்தில் போட்டுவிட்டுப்
பொங்கலுக்கு ஊருக்குப் போனது என் தப்பு.
வரப்பெல்லாம் இடிந்த வயல் அது.

கோட்டூரில் வைரக்கண்ணுவின் சம்பா.
மூன்று மூங்கில், மூன்று டப்பா,
ஒரு சூரியத் தகடு.
சேற்றுக்குள், காற்று நுழையாத இருட்டில்,
போன போகத்து வைக்கோலைத் தின்னும் கிருமிகள்
விடுகிற ஏப்பத்தைப் பிடிக்க வேண்டும்.

வைரம் வாய் திறக்கவில்லை.
மூன்று வாரமாய் ஒரே எண்.
மூன்றாவது எல்லாவற்றுக்கும் கத்தியது:
பீடிப் புகை, பூச்சிமருந்து,
ஹமீதாவின் அத்தர்,
ஒருநாள் எதுவுமே இல்லாததற்கும்.
நடு மூங்கில் மட்டும்
உச்சிவெயிலில் சேறு கொப்புளிக்கும்போது
இறங்கியது, அந்தியில் ஏறியது,
மறுநாளும் அப்படியே.

"எந்தக் கம்புமா சரியா பேசுது?"
"நடுவுல இருக்குறது. கரண்டு போய்க் கெட்டுப்போனது."
"கெட்டதா?" வைரக்கண்ணு யோசித்தார்.
"எலி வந்தா சொல்லுமா?"
சொல்லாது என்றேன்.
அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

காலியிடம் இருந்தால்
அங்கே பிடிமானமில்லாமல் நிற்கும் எலக்ட்ரான்கள்.
வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்து
அவற்றைக் கையோடு பிடித்துக்கொள்ளும்.
மின்சாரம் நடக்கத் திணறும்.
மீத்தேன் வந்து அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போனால்
எலக்ட்ரான் விடுபடும்,
மின்தடை இறங்கும்.
மோப்பம் என்று நாங்கள் எழுதுவது
அந்த இறக்கத்தைத்தான்.
ஒரு இடமும் காலியில்லாத வீட்டில்
யார் வந்தாலும்
வாசலோடு போய்விடுகிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் அதுவும் குழறியது.
ஈரப்பதம் தொண்ணூற்றாறு.
திருவாரூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல்
நீராவி வந்து காலியிடங்களில் உட்கார்ந்துகொண்டது.
சூடேற்றியை நானூறு வரை முறுக்கினோம்.
எழுந்து போயிற்று,
முழுக்க இல்லை.

இப்போது அறிக்கை.
'குறைபாடு' என்று ஒரு கட்டம்.
அதில் என்ன எழுதினாலும்
கையெழுத்துப் போடுகிறவர் திருத்துகிறார்.
'மீண்டும் செய்து காட்டப்பட்டதா?'
அடுத்த கட்டம்.

ஐந்து முறை வேண்டுமென்றே சூளையை அணைத்தோம்.
கதவைத் திறந்தோம், பாதி திறந்தோம்,
பதறியதுபோல் நடித்தும் திறந்தோம்.
ஒன்று ஊமை, இரண்டு உளறல்,
மற்றவை சாம்பல்கூடப் பூக்கவில்லை.

என் வேலை மார்ச்சோடு முடிகிறது.
அந்தப் பணியிடம் காலி என்று
ஏப்ரலில் விளம்பரம் வருமாம்.

வயலில் இப்போது மணி பன்னிரண்டேகால்.
நடு மூங்கிலின் எண்
இறங்கத் தொடங்கியிருக்கும்.
ஹமீதா போனைத் திறந்துவைத்துக்கொண்டு
அடுத்த பராமரிப்பு
என்றைக்கென்று தேடுகிறாள்.