பதிவுத் தபால்

மகரகமவில் ஏற்றிய சிவப்பு மருந்து
நகர மண்டபம் தாண்டுமுன்னே
சிறுநீரில் சிவப்பாய் இறங்கிவிடும் என்பார்
செபமாலை எட்வின்.
நுகேகொடையில் நான் ஏறும்போது
138இன் யன்னலோரம் இருப்பார்,
மடியில் எக்கோ அறிக்கை, மடிக்காமல்.

முதல் ஊசிக்கு முன் அறுபத்திரண்டு.
நாலாவதுக்குப் பின் நாற்பத்தேழு.
"பெயில் விட்டிட்டன் பிள்ளை."

மத்திய தபால் பரிவர்த்தனையில்
முப்பத்தொரு வருடம் கடிதம் பிரித்த கை.
கழுத்துக் கட்டிகள் கரைந்துவிட்டன.
படிதான் ஏற முடியவில்லை.

கின்சி வீதியில், மூன்றாம் மாடியில்,
நான் எலியின் இதயக் கலங்களை வளர்க்கிறேன்.
தட்டில் அவை தம்பாட்டில் துடிக்கும்.
அதே சிவப்பில் ஒரு சொட்டு விட்டால்
முதலில் ஒன்றும் நடக்காது.
மறுநாள் பார்த்தால்
ஒன்று நிற்க, ஒன்று உதற,
பக்கத்துக் கலத்தை மறந்த கலங்கள்.

இழைமணி, கலத்தின் வலுவீடு
என்று எழுதி இரண்டு புள்ளி வாங்கியவள் நான்.
அந்த வீடு உள்ளிருந்து பற்றுவதை
எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

நான்கே அமினோ அமிலம் கோத்த பெப்டைட்டு.
வெள்ளைத் தூள், மிளகளவு.
சுங்கத்தில் பதினொரு வாரம் கிடந்து
ஐஸ் தீர்ந்த பெட்டியில் வந்தது.
பிழைத்திருக்குமா என்று
இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

கிருலப்பனை நெரிசலில் அவருக்குச் சொன்னேன்:
மற்றதெல்லாம் ஊர்ப்பேர் மட்டும் எழுதின கடிதம் ஐயா,
இது வீட்டிலக்கம் வரைக்கும் எழுதினது.
கலத்துக்குள் போய், இழைமணிக்குள் போய்,
உள் மென்சவ்வில் ஒட்டி
பொறி கிளம்பும் இடத்திலேயே நிற்கும்.

"அப்ப பதிவுத் தபால்."

பஸ் நகர்ந்தது. நின்றது.

"எனக்கு ஒண்டு போட ஏலாதோ?"

எலி, அதற்குப் பிறகு வேறு விலங்கு,
அதற்குப் பிறகு அனுமதி, பணம், வருடம்.
எல்லாவற்றையும் விழுங்கி
"இன்னும் தட்டில்தான் ஐயா" என்றேன்.
அவர் வெளியே பார்த்தார்.
"விலாசம் சரியாயிருந்தும்
பிந்தி வந்த கடிதம் கனக்கப் பாத்திருக்கிறன்."

இந்தச் செவ்வாய்
பக்கத்து இருக்கையில் பையை வைத்து
எனக்கு இடம் பிடித்திருந்தார்.
நான் உட்காருமுன்னே சொன்னேன்,
மூன்றாம் தட்டு, சிவப்பு மருந்தோடு பெப்டைட்டும்,
இரண்டு நாளாய் எல்லாம் ஒன்றாய்த் துடிக்குது.

"எத்தினை?"
நிமிசத்துக்கு நூற்றிப் பதினெட்டு.
"ஆருக்கு?"
எலிக்கு.

சிரித்தார்.
சிரிப்பு முடிய
மூச்சு வாங்க
தும்முல்லைச் சந்தி வரை பிடித்தது.