அப்ப அச்சு

பழைய இளவரசர் இறந்தாரென்று மணி அடித்தது.
ஒட்டிலியா அழவில்லை;
பரணேறினாள்.

அவர் காலத்தில் திருவிருந்துக்கு
வீட்டு ரொட்டி, கையால் பிட்டுக் கொடுப்பது.
அவருடைய தகப்பன் நாளில்
சிலுவை பதித்த அப்பம்,
காகிதக் கனம்.
மகன் எந்தக் கட்சியோ.

மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி:
ஆக்ஸ்பர்கில் கையெழுத்தாகி முப்பது வருஷம்.
பிடிக்காதவர்
வீட்டை விற்றுவிட்டுப் போகலாமாம்.
பக்கத்து வீட்டு வெண்டல் போனான்,
பசுவை ஓட்டிக்கொண்டு.
ரொட்டி அடுப்பை எப்படி ஓட்டிப் போவது?

அச்சில் பூசிய பன்றிக்கொழுப்பை
விரலால் வழித்தாள். துருவில்லை.
பதினோரு வருஷம்
விசுவாசத்தை இப்படித்தான் காத்தாள்.
எந்த விசுவாசம் என்று கேட்காதீர்கள்.

தெருவில் புதுப் போதகரின் வண்டி.
கீழே, விடியலில் பிசைந்த மாவு
யாரையும் கேட்காமல்
பொங்கிக்கொண்டிருந்தது.