ஆறாயிரத்துக்குப் பக்கத்தில்

கொலுசுச் சத்தமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.
பனங்காட்டில் வெள்ளிப் பட்டறைக்குப் போகிறவள் காதில்
வேறென்ன கேட்கும்?
கொலுசு என்றால்
கால் நின்றதும் நின்றுவிடும்.

பாலிஷ் டிரம்முக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம்.
எஃகுக் குண்டும் சோப்புத் தண்ணியும்
ஜோடி ஜோடியாய்க் கொலுசும் உள்ளே உருளும்.
சுவிட்சைத் தட்டினால் ஓயும்.
தை மாதத்தில் ஒரு ராத்திரி
தட்டின பிறகும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
மோட்டாரா, ஃபிரிட்ஜா,
தெருமுனை டிரான்ஸ்பார்மரா என்று
டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன்.
தனசேகர் தூங்கிக்கொண்டிருந்தார்,
அப்படியொரு தூக்கம்.
அவரை எழுப்பி
எதைக் காட்டுவது?

நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றினேன்.
ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு
ஒரு ஜோடி வெள்ளிக் காது வாங்கிச் செலுத்தினேன்.
வாங்கியது எங்கள் பட்டறைச் சரக்கு.
பாலிஷ் போட்டதும் நான்தான்.

மலைக்கு வா, அங்கே அமைதி என்றாள்
நாகலூர் எஸ்டேட்டில் இருக்கும் நாத்தனார்.
இருபது வளைவும் ஏறிப் போனேன்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
காப்பிச் செடி அசையவில்லை, நாய் குரைக்கவில்லை.
சேலத்தில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது
அங்கே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.
விடியும் முன்னே முதல் பஸ்ஸுக்கு வந்து நின்றேன்.

பெரியாஸ்பத்திரியில்
கதவுக்கு மெத்தை தைத்த சின்ன அறை.
ரெபேக்கா மேடம் ஹெட்போன் மாட்டிவிட்டு
புடவைக்கு நூல் நிறம் பார்க்கிற மாதிரி
ஒவ்வொன்றாய் எடுத்துப் போட்டார்.
இதுவா? இல்லை, இன்னும் மேலே.
இதுவா? கொஞ்சம் கீழே.
இதுவா?
எனக்கு அழுகை வந்துவிட்டது.
ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் என்று எழுதிக்கொண்டு
வெளியே போய் தனசேகரைக் கூட்டி வந்தார்.
அதே சத்தம், அதே அளவு, அவர் காதில்.

அரை நிமிஷம்கூட இல்லை, கழற்றினார்.
"ராத்திரியுமா?" என்றார்.
ராத்திரியும்.

போய்விடும் என்று மேடம் சொல்லவில்லை.
அது கேட்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று
நோட்டில் எழுதச் சொன்னார்.
பைத்தியம் பிடிக்கப் போகிறது, எழுதினேன்.
முழுச் செவிடாகிவிடுவேன், எழுதினேன்.
அடுத்த வாரம் அதற்கு எதிரே
அன்றைக்கு நிஜமாய் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்.
ரசம் வைத்தேன்.
சீட்டுப் பணம் கட்டினேன்.
ரெண்டு பேருமே சிரித்தோம்.
எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

சத்தமில்லாமல் படுக்காதீர்கள், என்றார்.
பக்கத்தில் இன்னொரு சத்தம் வையுங்கள்,
அதை மூடுகிற அளவுக்கு வேண்டாம், ஒரு படி கீழே.
போனில் மழை வைத்துப் பார்த்தேன்.
ரெண்டு தடவை
கொடியில் துணி எடுக்க எழுந்து ஓடினேன்.
தனசேகர் மீன்தொட்டி வாங்கி வந்தார்.
மீன்கள் பத்து நாள்கூடத் தங்கவில்லை.
காற்று பம்பு மட்டும் இருக்கிறது,
வெறும் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு
என் தலைமாட்டில்.

எல்லா ராத்திரியும் தூங்குகிறேன் என்று சொல்ல முடியாது.
போன புதன்கிழமை மூன்று மணிக்கு
பம்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது.
பட்டறையில் இப்போது ஆரஞ்சு நிற அடைப்பான்
ரெண்டு காதிலும்.
ஓனர் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை.
அதிலும் ஒரு சௌகரியம்.

சித்திரையில் மறுபடி மலைக்குப் போனோம்.
ஜன்னல் திறந்த பஸ்.
சில்வர் ஓக் மரங்களுக்குள் காற்று
யாரோ அரிசி புடைக்கிற மாதிரி.
எத்தனையாவது வளைவு என்று எண்ணிக்கொண்டு வந்தேன்,
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.
அதையும் அப்படித்தான், எங்கேயோ விட்டிருந்தேன்.
நினைத்ததும் வந்துவிட்டது.

"இருக்கா?" என்றார் தனசேகர்.
"இருக்கு."
பொட்டலம் பிரித்து
ஒரு தட்டுவடை செட்டை நீட்டினார்.
கடித்தால்
தலைக்குள் ஒரு நொறுங்கல் மட்டும் கேட்கும்,
அது முடிகிற வரைக்கும்.
இன்னொன்று கேட்டேன்.